கருப்பரிடம் முன்கூட்டியே சொன்னது

புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் நான் சூப்பர்வைசர். நெல் லோடு இறங்கியதும் டிரைவர்களோடு உட்கார்ந்து குடிப்பது எனக்கு வேலையோடு வேலையாகிப் போயிருந்தது. ஒரே ஒரு லாரி டிரைவர் மட்டும் எங்களோடு சேராமல் தனியாகப் போய் டீ குடிப்பார். "பெரிய யோக்கியரு" என்று அவர் காதில் விழும்படியே கிண்டல் செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார். இன்றைக்கு அவர் லாரி மில்லுக்குள் நுழைந்தால் நான் எழுந்து வெளியே வந்து அவரை வரவேற்கிறேன்.

தங்கை மகளுக்குக் காதுகுத்து முடிவாகியிருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அவளுக்கு நான் ஒரே அண்ணன். ஒருநாள் மில் வாசலுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஒங்க மடிதான் வேணும். ஆனா குடிச்சிட்டு வந்தீகன்னா என் கொழுந்தன் மடியில உக்கார வச்சுருவேன். பெறகு என்னையக் குத்தம் சொல்லாதீக."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தாய்மாமன் நான் இருக்க, கொழுந்தனா? இனிமேல் தொடவே மாட்டேன் என்று சபதம் போட்டேன். அந்தச் சபதம் அன்றைய சாயங்காலத்தைத் தாண்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த லோடுக்கு அந்த டிரைவர் வந்தபோது டீக்கடைக்கு நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்பிடிண்ணே விட்டீக?" என்று கேட்டேன். பழைய கிண்டலை அவர் திருப்பித் தரவில்லை. "தனியா விட முடியலைங்க. ஞாயித்துக்கெழமை காரைக்குடிக்கு வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடும் அந்தக் கூட்டம் நடந்தது ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில். டிரைவரும் வேதக்காரர், கிறிஸ்தவர். சரி, மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசிப் போனேன். என் நெற்றியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் என்னைவிடப் பெரிதாக விபூதிப் பட்டை போட்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தோம். "சொல்லணும்னா சொல்லுங்க, இல்லாட்டி சும்மா கேட்டுட்டு இருங்க" என்றார்கள். யாரும் புத்தி சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் கதையைத் தானே சொன்னார். அவற்றில் பாதி என் கதைதான். வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

தொடர்ந்து போனேன். ஒவ்வொரு நாளாகக் குடிக்காமல் தள்ளினேன். ஆனால் காதுகுத்து நெருங்க நெருங்க எனக்கு வேறு ஒரு பயம். விசேஷம் எங்கள் குலசாமி கோயிலில். கருப்பருக்குச் சாராயமும் சுருட்டும் படைப்போம். பூசை முடிந்ததும் படைத்ததை ஆம்பளைகள் கையில் பிரசாதமாக ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் காதுகுத்து. வாங்கிக் குடித்தால் மடி போச்சு. வாங்காவிட்டால் சாமி குத்தம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர்தான் வாயைத் திறந்தார்.

"முன்னாடியே போயி ஒங்க சாமிக்கிட்டயே சொல்லிருங்க. பங்காளிக மாதிரி இல்லைங்க சாமி. சொன்னா கேட்டுக்கும்."

அவரே என்னோடு பைக்கில் வந்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். நான் அரிவாளோடு நின்ற கருப்பரைப் பார்த்து, "இனிமே எனக்கு இது வேண்டாம்யா, என் பங்கயும் நீயே வச்சுக்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

காதுகுத்து அன்று, பூசை முடிந்து பூசாரிச் சித்தப்பா பாட்டிலோடு வரிசையாக வந்தார். வாடை வந்ததும் என் கை தானாக நீண்டது. கைக்கு என்ன தெரியும், பழகிய கை. சட்டென்று மடக்கிக்கொண்டேன். சுற்றி நின்ற பங்காளிகள் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னடா, சாமி குடுக்குறத வேணாம்கிறியா?" என்றார் சித்தப்பா.

"சாமிக்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன் சித்தப்பா."

எங்கள் ஊரில் சாமியிடம் சொல்லிவிட்டேன் என்பவனிடம் அதற்குமேல் யாரும் வாதம் பண்ண மாட்டார்கள். சித்தப்பா ஒரு நிமிஷம் கருப்பரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாட்டிலை இடது கைக்கு மாற்றிவிட்டு, விபூதியை எடுத்து என் நெற்றியில் அழுத்திப் பூசிவிட்டுப் போனார்.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிள்ளையோடு வந்தாள். "காலை நல்லா மடக்கி ஒக்காருங்கண்ணே" என்றாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டு அழுது, திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதன் மூக்கு என் வாயில் இடித்தது. பிள்ளைகள் கிட்டே வந்தால் சாராய வாடை அடிக்குமென்று மூச்சை அடக்கிப் பழகியவன் நான். அன்றைக்கு அடக்கவில்லை. "ஒண்ணுமில்லடா தங்கம், மாமா இருக்கேன்" என்று அதன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.