இரண்டாவது வரி

பாடுகிறவனுக்குப் பயம் வந்தால் அது தொண்டைக் கோளாறுதான் என்று நம்பியிருந்தேன். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தவனுக்குத் தொண்டையைப் பற்றி என்ன கவலை? ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கோயில் பஜனையில் முன்பாட்டுப் பாடுகிறவருக்குக் காய்ச்சல் என்றதும், "நான் இருக்கேனே!" என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பஜனையில் முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடுவார்; கூட்டம் அதையே திருப்பிப் பாடும். அவர் எடுத்துக் கொடுக்காமல் அடுத்த வரிக்கு யாரும் போகமாட்டார்கள்.

முதல் வரி கணீரென்று வந்தது. கூட்டம் திருப்பிப் பாடுவதற்குள் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூச்சு பாதியில் நின்றது. இரண்டாவது வரியோ படகேறி அக்கரையிலிருக்கும் எர்ணாகுளம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் முதல் வரியையே மறுபடி பாடினேன். அவர்களும் பாடினார்கள். மறுபடியும் பாடினேன்.

மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்த மச்சினன் என் பக்கம் சாய்ந்தான்.

"அத்திம்பேர், மறந்துடுத்தா?"

"போடா, அனுபவிச்சுப் பாடறேன்."

"அனுபவிக்கறது நாங்களாக்கும். மறந்தது எல்லாருக்கும் மனசிலாயிடுத்து. முதல்ல மூச்சை விடுங்கோ."

விட்டேன். இன்னும் சில சுற்றுக்குப் பிறகு இரண்டாவது வரி வந்து சேர்ந்தது.

அந்தப் பாட்டு அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் ஒருவர்கூட முந்திக்கொள்ளவில்லை. எனக்கு ஞாபகம் வரும்வரை முதல் வரியையே சலிக்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.