போட்டுப் பார்க்காமல் வாங்கிய பை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில், கொல்லிமலையில் நடந்தது இது. நானும் என் மனைவியும் மட்டும் போயிருந்தோம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் பிள்ளைகள், சொந்தக்காரர்கள் யாரும் இல்லாமல் நாங்கள் இருவராகப் போன முதல் பயணம் அது.

நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன். மரத்தையும் தகட்டையும் அளந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. மனைவிக்குப் பிறந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. வாசலில் நின்றால் எதிரே மலை. சின்ன வயதில் மலைக்கோவில் ஆடித் திருவிழாவுக்கு பஸ்ஸில் போய் வந்ததோடு சரி. அந்த மலையில் ஒருநாளாவது காலாற நடக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் போகலாம், போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பயணத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து வலது மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கொட்டிய முடி மறுபடி முளைத்தது. அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்திருந்ததால் வலது கையில் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்தோம். குடம், வாளி, இட்லிச் சட்டி, எதைத் தொட்டாலும் யாராவது ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வோம். ஒருநாள் மகள் அவள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை வாங்கப் போனபோது, "இதையாவது விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அதனால் மலைக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"என் துணிமணிய நானேதான் தூக்கிட்டு வருவேன். பாதி வழியில வாங்கிக்கறேன்னு வரக்கூடாது."

சரி என்றேன். ஆனால் கைக்குப் பாரம் போகக் கூடாதே என்று யோசனையாக இருந்தது. பட்டறையில் டீ குடிக்கும் நேரத்தில் போனில் தேடியபோதுதான் மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பைகளைப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. பாரம் முழுவதும் இடுப்பில் உட்காரும், தோளில் ஏறாது என்று எழுதியிருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே இன்னொரு பட்டை, பை ஆடாமல் இருக்க. எனக்கு ஒரே சந்தோஷம். இவளுக்காகவே செய்தது போல இருந்தது. சேலத்தில் கடையில் போய் மாட்டிப் பார்த்து வாங்கியிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் வாங்கி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. நடுத்தர அளவு என்று போட்டிருந்ததைப் பார்த்து, மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை ஆர்டர் செய்தேன்.

வந்தது. பிரித்து அவளே மாட்டினாள். நெஞ்சுப் பட்டையை 'டிக்' என்று பூட்டியபோது ஒரு நொடி அவள் முகம் மாறியது போல இருந்தது. உடனே சிரித்தாள்.

"நல்லா இருக்குங்க. எத்தன ஜிப்பு பாருங்க!"

பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று அட்டையில் இருந்தது. அந்த அட்டையை அவளே கத்தரித்துக் குப்பையில் போட்டாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் மாமனார் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, காலை பஸ்ஸில் ஏறினோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலூர்பட்டியில் இறங்கி, ஏரியில் படகு போவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தோம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்ன ஊரில் தங்குவதற்கு வீடு பேசியிருந்தேன். ரோடு இருக்கிறது. ஆனால் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டும் என்பது அவள் திட்டம்.

அவள் முன்னால் நடந்தாள். நான் என் பையோடு பின்னால். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. வெயில் இருந்தும் குளிர் போகவில்லை. அந்த நீலப் பை எனக்கு முன்னால் மேட்டில் ஏறி ஏறிப் போவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றரை வருடம் முன்பு ஆஸ்பத்திரியில் பாத்ரூமுக்கு நான்கு அடி நடக்க என் தோளைப் பிடித்தவள்.

அடிக்கடி நின்றாள். பலாமரத்தைப் பார்த்தாள், காப்பிச் செடியைத் தொட்டுப் பார்த்தாள். ரசிக்கிறாள் என்று நினைத்து நான் போட்டோ எடுத்தேன். நெஞ்சுப் பட்டைக்குள் இடது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்துப் பிடித்தபடியே நடந்தாள். அதுவும் ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி தூரம் போயிருப்போம். எதிரே ஒரு பெண் தலையில் குச்சிக்கிழங்கு மூட்டையோடு வந்தாள். மரவள்ளிக்கு எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்றுதான் பெயர். அவளுக்கு எங்கள் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து சொச்சம். வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். அவள் எங்களைத் தாண்டாமல் என் மனைவிக்கு நேரே நின்றுவிட்டாள். தலையில் இருந்த மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"ஏனுங்கக்கா, எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் என் மனைவி.

"வலிக்குதுங்க. வெடிஞ்சா எந்திரிச்சா சொமை தூக்கற எங்களுக்குத் தெரியாதுங்களா? அந்த மேட்டுல ஏறும்போதே பாத்தனே, ஒரு பக்கமா ஒடிஞ்சு ஒடிஞ்சு வாரீங்க." பிறகு பையைச் சுற்றிப் பார்த்தாள். "இத்தன வாரு எதுக்குங்க? எங்க ஊட்டு மாட்டுக்குக்கூட இத்தன கவுறு கட்ட மாட்டோம்."

நான் சிரித்தேன். என் மனைவியும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வருவதற்குப் பதிலாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் வீடு பக்கத்திலேயே இருந்தது. ஓட்டு வீடு, முன்னால் பாயில் மிளகு காயப் போட்டிருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் மனைவியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். என்னை வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் கழற்றிக் கொடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் மெதுவாகப் பேசுவது கேட்டது. பிறகு பேச்சு நின்றுவிட்டது.

அந்தப் பெண் மட்டும் வெளியே வந்தாள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆப்பரேசன் பண்ணுன எடத்துல அக்காவுக்குத் தோலு உரிஞ்சு கசியுது. கையும் உப்பியிருக்குது. தண்ணி காய வெக்கறேன். நீங்க போயிப் பாருங்க."

"நானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஏனுங்ணா, இந்நேர வரைக்கும் பாத்ததே இல்லீங்களா?"

பார்த்ததில்லை. உண்மை அதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டு மாற்றுவதையெல்லாம் என் மச்சினிச்சிதான் செய்தாள். அப்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிறகு வீட்டிலும் அவள் உடை மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று என் மனதுக்குள் ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான், எனக்குத்தான் பயம் என்று தெரிந்தது.

உள்ளே போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு துண்டு.

"நீங்க பாக்க வேண்டாங்க. ஒரு மாதிரி இருக்கும்."

"காட்டு புள்ள."

என் பக்கம் திரும்பினாள். பிறகு துண்டை எடுத்தாள்.

அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் ஒரு தழும்பு. கரண்ட் வைத்த இடம் கறுத்து, தோல் மெலிந்திருந்தது. அதற்கு மேலேயே அந்தப் பட்டை உராய்ந்து, இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. வெளியே தெரியாமல் இருக்க அவள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்ட சின்னத் துணிப்பொதியையும் பட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது. நான் பயந்தது எதுவுமே அங்கே இல்லை. இத்தனை வலியோடு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறாளே என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"அன்னைக்கு மாட்டிப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"சொன்னா எங்க வலிக்குதுன்னு கேப்பீங்க. கேட்டா காட்டணும்ல." மடியில் கிடந்த துண்டை மடித்தாள். "உங்களுக்குப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன். ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க. அதையும் ஏன் கெடுக்கணும்னு பேசாம இருந்துட்டேன்."

அந்தப் பெண் வெதுவெதுப்பான தண்ணீரும் துவைத்து வைத்திருந்த பழைய வெள்ளை வேட்டித் துணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான்தான் துடைத்தேன். இரும்பும் மரமும் பிடித்துக் காய்த்துப் போன விரல் படாமல், துணியின் நுனியால் ஒற்றினேன். துணி பட்டதும் அவள் உடம்பு சிலிர்த்தது. வலிக்குதா என்றேன். வலிக்குது என்றாள். கையை இன்னும் மெதுவாக்கினேன். இப்ப? இப்ப பரவாயில்ல. துடைத்து முடித்து, மெல்லிய துணியை மடித்து வைத்தபோது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒன்றரை வருடத்தில் அவள் அப்படி என் மேல் சாய்ந்ததே இல்லை. நான் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் வேக வைத்த குச்சிக்கிழங்கும் பச்சை மிளகாய்ச் சட்னியும் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, ரோடு வரைக்கும் போய் ஏதாவது வண்டி பிடிக்கலாம் என்றேன். பையையும் நானே தூக்கிக்கொள்கிறேன் என்றேன். என் மனைவியின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

அந்தப் பெண் குறுக்கே வந்தாள். "ஏனுங்ணா, அவுங்க வலிக்குதுன்னுதானுங்க சொன்னாங்க, சொமை வேண்டாம்னா சொன்னாங்க? பையைக் கொண்டாங்க. பாப்போம்."

மிளகுப் பாய்க்குப் பக்கத்தில் பையை வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு சணல் கயிற்றை வாங்கி, மனைவியைத் திரும்பி நிற்கச் சொல்லி, கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரைக்கும் பிடித்தேன். அந்தக் கயிற்றைப் பையின் முதுகில் வைத்தால் நான்கு விரல்கடை பை நீளமாக இருந்தது. இடுப்பில் உட்கார வேண்டிய பட்டை அதற்கும் கீழே தொங்கியிருக்கிறது. அதனால் பாரம் அத்தனையும் தோளில். நடுத்தர அளவு என்றால் யாருக்கு நடுத்தரம் என்று நான் யோசிக்கவே இல்லை.

நெஞ்சுப் பட்டையை அறுத்தே எடுத்துவிட்டோம். அந்தப் பெண் கொடுவாளைக் கொடுத்தாள், என் மனைவிதான் அறுத்தாள். இடுப்புப் பட்டையைப் பிரித்து, நான்கு விரல்கடை மேலே வைத்து, கோணி ஊசியால் நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் தைத்தோம். வலது தோள் வாரைத் தளர்த்தி, அடியில் வேட்டித் துணியை மடித்துச் சுற்றினோம். கம்பளியையும் தண்ணீர் பாட்டிலையும் என் பைக்கு மாற்றிவிட்டு, இரண்டு செட் துணியும் சீப்பும் துண்டும் மட்டும் அவள் பையில் விட்டோம்.

"இப்பப் போடுங்கக்கா."

போட்டாள். இரண்டு எட்டு நடந்தாள். வலது பக்கம் இன்னும் இழுக்குது என்றாள். கழற்றிச் சரிசெய்தோம். மறுபடி போட்டாள். இல்லை, அக்குள்கிட்ட உறுத்துது என்றாள். மறுபடி கழற்றினோம். ஐந்தாறு தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் அவள் முகத்தைப் பார்த்து, எங்கே, இங்கேயா, இதற்குக் கீழேயா என்று கேட்டேன். அவளும் மறைக்காமல் சொன்னாள். கடைசியில் மிளகுப் பாயைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து வந்து, "இப்ப வலது தோளு மேல பாரமே இல்லீங்க" என்றாள். அந்தப் பெண் பையின் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வரைக்கும் எங்களோடு வந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க சாமி. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லோணும். அண்ணன் கேக்காட்டியும் சொல்லோணும்" என்றாள்.

மீதி தூரத்தை மெதுவாக நடந்தோம். இந்தத் தடவை நான் பின்னால் போகவில்லை, பாதை அகலமாக இருந்த இடங்களிலெல்லாம் பக்கத்தில் நடந்தேன். மறுநாள் ஊர் திரும்பியதும் நேராக டாக்டரிடம் போனோம். புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார். கை வீக்கத்துக்கு ஓர் இறுக்கமான உறை கொடுத்து, தினமும் கையை எப்படி நீவிவிட வேண்டும் என்று காட்டினார். முன்பெல்லாம் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு உள்ளே நின்று கற்றுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன் அவள் கையை நீவிவிடும் வேலை இன்றுவரை என்னுடையது.

அதற்குப் பிறகு ஒருமுறை மலைக்குப் போனபோது அந்த வீட்டைத் தேடிப் போய் அரைநாள் இருந்துவிட்டு வந்தோம். அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மிளகு உதிர்த்துக் கொடுத்தேன்.

நோய் வந்த நாளிலிருந்து அவளை நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதை, அதற்குமுன் எங்களைப் பார்த்தேயிராத ஒருத்திதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது, இப்போதும் வெட்கமும் நன்றியும் ஒன்றாக வருகின்றன.