லோத்து திறந்த கதவு

ஒரு வருடத்துக்கும் மேலாக என் மகன் செல்வின் எங்களோடு பேசவில்லை. சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

அவனுக்குக் கங்கைகொண்டானில் வேலை. போன வருடத்துக்கு முந்தின வருடக் கிறிஸ்துமஸ் அன்று, நல்ல மழையில், முத்து என்ற பையனோடு கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"எனக்குப் பொண்ணு பாக்காதீங்கப்பா. நான் இவன்கூடத்தான் இருக்கேன்" என்றான்.

அவன் அப்பா வாசலை மறித்து நின்றார். "சோதோமுக்கு வந்த அக்கினி நம்ம வீட்டுக்கும் வரணுமாலே? போலே" என்று கதவைச் சாத்தினார். ஆணோடு ஆண் சேர்ந்த பாவத்துக்காகத்தான் ஆண்டவர் சோதோம் பட்டணத்தை எரித்தார் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். இருவரும் நனைந்துகொண்டே போனார்கள்.

பிறகு அவன் போனை எடுக்கவில்லை. ஆற்றில் யாரோ விழுந்துவிட்டதாகப் பேச்சு வந்தால் அவன் நம்பருக்கே திரும்பத் திரும்ப அடிப்பேன். "ஆண்டவரே, அவனை மாற்றும்" என்று ஜெபித்தேன். மனம் ஆறவில்லை. கடைசியில், "என் பிள்ளையைத் தாரும்" என்று மட்டும் அழுதேன்.

எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் வேதத்தை வரிசையாக வாசிப்போம். எந்த அதிகாரத்தையும் விடக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். இந்த வருடம் ஜூலையில் எசேக்கியேல் பதினாறு வந்தது. சத்தமாக வாசிக்கக் கூசுகிற அதிகாரம்.

"இதத் தாண்டிருவோமா?" என்றேன்.

"பிடிச்சத மட்டும் வாசிக்க இது என்ன வாரப் பத்திரிகையா?" என்று அவரே வாசித்தார்.

நடுவில் நிறுத்திவிட்டார். சோதோமின் அக்கிரமம் எதுவென்று அங்கே தீர்க்கதரிசி சொல்லுகிறார். கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, எளியவனுக்குக் கை கொடுக்காத மனது. அருவருப்பானதையும் செய்தார்கள் என்று அடுத்த வசனத்தில் இருக்கிறது. அவர் அதுவரை போகவில்லை.

"ஏளா, சோதோமுக்கு ஊருக்குப் புதுசா ரெண்டு பேரு வந்தாவல்லா. அந்த அக்கினிக்குத் தப்புன லோத்து என்ன செஞ்சான்?"

"வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனான்."

"நம்ம வாசலுக்கும் ரெண்டு பேரு வந்தாவ" என்றார்.

காலையில் முதல் பஸ்ஸில் கங்கைகொண்டானுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம், சபையார் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் அசனத்துக்குச் செல்வினும் முத்துவும் வந்தார்கள். அவர் முத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரு வே இது, புதுசா?" என்று ஒரு அண்ணாச்சி கேட்டார்.

"நம்ம வீட்டுப் பிள்ளதான். இங்கன இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லும்" என்றார்.

ஆணோடு ஆண் சேர்வதைப் பற்றி ரோமர் நிருபத்தில் உள்ள வசனத்துக்குப் போதகர் ஒரு விளக்கம் சொல்லுகிறார், செல்வின் வேறு சொல்லுகிறான். என் படிப்புக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம், இப்போது அவனும் சேர்ந்து.

பிள்ளையை வெளியே விட்டுவிட்டு உள்ளே ஜெபிக்கிற தாய் தகப்பன்மாரே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். எங்கள் பிள்ளையை அவர் தந்தார். தாழ்ப்பாளை மட்டும் நாங்கள்தான் எடுக்க வேண்டியிருந்தது.