டவுன் பஸ் பைலட்

பைலட் வேலையில் மேலே ஏறுவதும் இறங்குவதும் பழகிவிடும், "எந்தக் கம்பெனி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் லேசில் பழகாது. சின்னக் கம்பெனியில் வேலை பார்த்து, கல்யாண வீடுகளில் இந்தக் கேள்விக்கு நெளிந்த சக பாவிகளுக்கு என் பாடு புரியும்.

எண்பதுகளில் நான் ஓட்டியது பத்தொன்பது பேர் உட்காரும் விமானம். காலையில் மதுரையில் கிளம்பும். தஞ்சாவூர், மெட்ராஸ் என்று தொட்டுவிட்டு சாயங்காலம் மதுரைக்கே திரும்பிவிடும். அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் சேர்ந்தேன். என் மகள் கலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளைச் சேர்த்த மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "நாங்க பாதிதான் சார். மீதிய அப்பாவும் அம்மாவும் தெனம் சாயங்காலம் உக்காந்து பேச வைக்கணும். விட்டீங்கன்னா பேச்சு வராது."

ஆர்டர் வந்தது

சேர்ந்த ஆறு மாதத்தில் பெரிய கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்தது. ஜம்போ விமானம், வெளிநாடு, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க முடியாது. ஆசை இல்லை என்றால் பொய். இரண்டு நாள் அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். மனைவி தேவகி அதை மடித்து வைப்பாள், நான் மறுபடி எடுப்பேன்.

மூன்றாம் நாள் 'வரவில்லை' என்று எழுதிப் போட்டேன். என்னோடு பயிற்சி எடுத்த சேகருக்கும் அதே ஆர்டர் வந்திருந்தது. வீட்டுக்கே வந்து கத்தினான்: "மாப்ள, கப்பல் ஓட்டக் கூப்புட்டா டவுன் பஸ்ஸு போதுங்கிறியேடா!"

பாரின் சாமான்

பைலட் என்றால் பாரின் சாமான் கொண்டுவருவான் என்பது எங்கள் கோரிப்பாளையத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. என் வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கூட இல்லை. பக்கத்து சைக்கிள் கடை கரீம் பாய் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டேவிட்டார், உங்க பிளேன் எங்கெல்லாம் போகிறது என்று. நானும் பெருமையாகச் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"தஞ்சாவூரா? அங்க தலையாட்டி பொம்மதானண்ணே கெடைக்கும்!"

ப

கலாவுக்கு 'அம்மா' சீக்கிரம் வந்துவிட்டது. மூக்கில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும், பிடித்துக்கொண்டாள். 'அப்பா'தான் பாடாய்ப் படுத்தியது. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் காற்றில் காகிதம் ஆடும். நான் சொன்னால் ஆடும். அவள் சொன்னால் அசையாது. பத்தொன்பது பேரைத் தூக்கும் காற்றைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன், ஒரு காகிதத்தை ஆட்டும் காற்றுக்காக ஏழு வாரம் காத்திருந்தேன்.

எட்டாவது வாரம் ஆடியது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தேவகி கத்தினாள்: "ஏங்க, டேக்-ஆஃப் ஆயிருச்சுங்க!"

சம்பந்தி சீட்டு

சின்ன விமானத்தில் மூட்டையோடு ஆளையும் எடை போடுவோம். கனம் பின்னால் சேர்ந்தால் ஆகாது. கனமானவர்களை முன்னால் மாற்றி உட்காரவைப்போம். ஒரு நாள் மெட்ராஸிலிருந்து திரும்பும்போது ஒரு திருமங்கலத்து வியாபாரி, நல்ல பாரி உடம்பு, முன் சீட்டுக்கு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். "பொண்ணு குடுத்தவன் சார் நான். சம்பந்தி பின்னால இருக்க, நான் முன்னால போயி உக்காரவா? நல்லாருக்கா?"

நியாயம்தான். ஆனால் நேரம் போகிறது, வீட்டில் கலா காத்திருப்பாள். மெலிந்த அந்தச் சம்பந்தியிடம் போய், "கடைசி சீட்டுதான் சார் இதிலேயே பெரிய மனுஷங்க சீட்டு. முன்னாடி வெறும் டிரைவர் பக்கம்தான்" என்று கூசாமல் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்; இவர் முன்னால் வந்தார்; நேரத்துக்கு மதுரை வந்து சேர்ந்தோம். இறங்கும்போது மாப்பிள்ளையின் அப்பா சொன்னது என் காதிலும் விழுந்தது:

"சம்பந்தி, அடுத்த தடவையும் எனக்கு அந்தக் கடைசி சீட்டையே போடச் சொல்லிருங்க."

முன் வரிசையில் கலா

கலாவுக்கு ஒன்பது வயதானபோது தேவகியோடு முதல் தடவையாக என் விமானத்தில் ஏறினாள். பைலட்டுகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு திரைதான். இன்னும் எஞ்சினைக் கிளப்பவில்லை. அடுத்த சீட்டு அம்மாள் அவளிடம் பேச்சுக் கொடுப்பது கேட்டது. "யாரும்மா பிளேன் ஓட்டுறது, தெரியுமா?"

எங்கள் உதடுகளைப் படித்துப் பழகிய பெண், முன்பின் தெரியாதவரின் உதட்டை எப்படிப் படிப்பாள்? திரைப் பக்கம் காதைக் கொடுத்தேன்.

"எங்க... அப்பா."

"அடேயப்பா! பைலட்டுன்னா பறந்துக்கிட்டே இருப்பாரே, வீட்டுக்கு எங்க வரப்போறாரு?"

ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து, விமானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் என் மகள்:

"தெனமும்... வருவாரு. வந்து... என்கூட... பேசுவாரு."

ஜம்போ ஓட்டவில்லையே என்ற வருத்தம் எனக்குச் சுத்தமாக இல்லை என்று சொல்லமாட்டேன். உட்கார்ந்து வருத்தப்படத்தான் ஒரு சாயங்காலமும் ஒழியவில்லை.