நான் கைகாட்டிய பிராக்கெட்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். ஆறு மாதம் என்று சொல்லித்தான் பஸ் ஏறினார். ஆறு மாதம் ஒரு வருடமாகி, அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. தம்பின் டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம்.

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சனி ஞாயிறுகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று படம் எடுக்கப் போவார். மாதம் ஒருமுறை என்னை வீட்டுச் சுவர் ஓரம் நிற்க வைத்து எடுத்து, டவுனில் கழுவி, அம்மாவுக்குத் தபாலில் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தொலைபேசியில் கூப்பிடுவார். அப்பா அதிகம் பேசமாட்டார். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ ஒண்ணும் கவலப்படாத" என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டுவார். மற்றதையெல்லாம் பேசுவது என் பொறுப்பு.

பொங்கலுக்கு வருவதாக அம்மா சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, பள்ளி மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் அப்பா எடுத்த என் படம் ஒன்று அவருக்குப் போய்ச் சேர்ந்தது. கன்னத்து மச்சம்கூடத் தெரிகிற படம். அம்மா தொலைபேசியில் சிரித்தார். "நேர்ல பாத்த மாதிரியே இருக்குடி. பொங்கலுக்கு லீவு கெடைக்கல. பரவால, அதான் உன்னப் பாத்துட்டேனே." படம் நன்றாக வந்தால் அம்மா வரமாட்டார் என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். ஒன்பது வயதில் எடுத்த முடிவுகளுக்கு மறுபரிசீலனை கிடையாது.

அடுத்த மாதம் வீட்டுக்குள் எடுத்த படத்தில் நிழல் விழுந்துவிட்டது. அப்பாவின் ஃபிளாஷ் கேமராவின் உச்சியில் இருந்தது. முழு உருவமும் வர வேண்டுமென்று கேமராவைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தால் ஃபிளாஷ் பக்கவாட்டுக்குப் போய்விடும். என் பக்கத்தில் கறுப்பாக இன்னொருத்தி சுவரில் சாய்ந்து நின்றாள். கல்யாண வீட்டுக்காரர்களும் அதையே சொல்லிக் குறைப்பட்டிருந்தார்கள். ஃபிளாஷைத் தனியே தாங்கிப் பிடிக்க ஒரு பிராக்கெட் வாங்கிவிடுவது என்று அப்பா தீர்மானித்தார். ஒரு சனிக்கிழமை காலையில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சிரம்பான் டவுனில் இருந்த கேமராக் கடைக்குப் புறப்பட்டார்.

கடைக்காரர் வயதான சீனர். இரண்டு பிராக்கெட்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று நேரான சட்டம். ஃபிளாஷைக் கேமராவுக்கு இடப்பக்கத்தில் நிறுத்தும். இன்னொன்றுக்கு மேலே மடங்கித் திரும்பும் கை ஒன்று இருந்தது. கேமராவை எப்படிப் பிடித்தாலும் ஃபிளாஷ் லென்சுக்கு நேர் மேலேயே நிற்குமாம். அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார், திருகாணியை முறுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார். பிறகு கடையின் வெள்ளைச் சுவர் ஓரம் தானே போய் நின்றுகொண்டு, கடைக்காரரிடம் கேமராவைக் கொடுத்தார்.

"ம்மா, அப்பாவோட நெழல் எங்க விழுதுன்னு நீ நல்லா பாத்துச் சொல்லு, என்ன?"

முதலில் நேர்ச்சட்டம். பளிச்சென்றது. அப்பாவை விட அகலமான ஒரு நிழல் சுவரில் வலப்பக்கமாகச் சரிந்து மறைந்தது. அடுத்து கை திரும்பும் பிராக்கெட். பளிச். சுவர் வெறும் சுவராக இருந்தது. நிழல் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிட்டது. சுவர் ஓரம் நிற்பவருக்குத் தன் நிழல் தெரியாது. கேமராவுக்குள் கண்ணை வைத்திருப்பவருக்கும், உள்ளே கண்ணாடி எழும்பும் அந்த நொடி எல்லாம் இருட்டு. ஆக, கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருத்திதான்.

"எது நல்லது?" என்று அப்பா கேட்டார்.

நேர்ச்சட்டத்தைக் காட்டினேன். "இதுலதான்ப்பா நெழலே விழல."

கடைக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். மடங்கும் கையைத் திருப்பிக் காட்டி, "இனி லாகி பாகுஸ் லா" என்றார். இதுதான் மேல் என்று அவர் மலாயில் சொன்னது எனக்கும் புரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"பிள்ள சொல்லுது லா, தவுக்கே. அதையே குடுங்க" என்று கடை முதலாளியிடம் சொன்னார் அப்பா.

அந்த வாரமே என்னைச் சுவர் ஓரம் நிறுத்திப் படம் எடுத்தார். கேமராவை நிமிர்த்தாமல் கிடையாகத்தான் பிடித்திருந்தார். படத்தில் ஒரு பக்கக் கன்னம் இருட்டு. பின்னால் என்னைப்போல் இரண்டு மடங்கு நிழல். அதையே உறையில் போட்டு அனுப்பினார். பத்து நாள் கழித்து அம்மா கூப்பிட்டபோது, அப்பா பிடித்திருந்த ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்ட குரலே சரியில்லை.

"என்னங்க படம் இது? பிள்ள எளச்சிருக்கா, வளந்திருக்கா, ஒண்ணும் தெரியலயே. தீபாவளி வரைக்கும் என்னால தாங்க முடியாது. நான் அடுத்த வாரமே லீவு போட்டு வர்றேன்."

வந்தார். நான்கு நாள். என்னைத் தன் உடம்போடு ஒட்டி நிற்க வைத்து உயரம் பார்த்தார், தலைக்கு எண்ணெய் தேய்த்தார். அப்பா அந்த நான்கு நாளும் லோரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு, வீட்டில் இல்லாத ரிப்பேர் வேலைகளையெல்லாம் தேடிச் செய்துகொண்டிருந்தார். போகும் அன்று பஸ் நிலையத்தில் நான் அழவில்லை. அம்மாவை வரவழைக்கும் வழி எனக்குத்தான் தெரியுமே.

அதற்குப் பிறகும் படம் போனது, நிழல் போனது, அம்மா வந்து வந்து போனார். இடைநிலைப் பள்ளியில் நான் சேர்ந்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தேவிட்டார். வந்ததும் என் படங்களை மேசையில் பரப்பிவைத்து, "ஊர்க் கல்யாணத்தையெல்லாம் கண்ணாடி மாதிரி எடுக்குறாரு உங்கப்பா. பெத்த பிள்ளைய மட்டும் எடுக்கத் தெரியல" என்று கேலி செய்தார். அப்பா சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கேலியில் உண்மை இருந்தது. நேர்ச்சட்டம் வாங்கிய அந்த வருடமே அப்பா சிரம்பானுக்குத் தனியாகப் போய் அந்தக் கை திரும்பும் பிராக்கெட்டையும் வாங்கி வந்திருந்தார். கல்யாணங்களுக்கு அதைத்தான் கொண்டுபோவார். மாதம் ஒருமுறை என்னை எடுக்கும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, நேர்ச்சட்டத்தைத் தேடி எடுத்து மாட்டுவார். நான் கைகாட்டிய பொருளை ஒதுக்கினால் என் மனம் நோகும் என்று நினைக்கிறார் போல என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டு நிற்பேன். பாவம், அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்று இருக்கும். அம்மா வர வேண்டுமென்று அந்த வீட்டில் தவித்தவள் நான் ஒருத்திதான் என்று நம்பிய வயது அது.