குப்புறப் படுப்பவருக்கு ஒரு மாஸ்க்: வேங்கிக்காலில் ஒரு பிற்பகல்

மாசி மாதம், பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மூன்றாம் நாள் திருவண்ணாமலைக்குப் போய் வந்தேன். கோயிலுக்காக அல்ல. என் அண்ணன் ஏழுமலைக்கு ஒரு சிபாப் மாஸ்க் தேடி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கான கருவி சிபாப். குழாயும் மாஸ்க்கும் வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். எனக்கு அந்தக் கோளாறு இருக்கிறது. மூன்று வருடமாகக் கருவியோடுதான் தூங்குகிறேன். ஐம்பத்தாறு வயதான அண்ணனுக்கும் இருக்கிறது என்பது போன ஐப்பசியில்தான் தெரிந்தது. தெரிந்த விதம் நல்லதாக இல்லை. பட்டப்பகலில், அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டி வந்தவர் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டார். அவருக்குச் சிராய்ப்பு. அண்ணிக்கு இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். கட்டுப் போட்ட டாக்டர்தான் சந்தேகப்பட்டுத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

கருவி வந்தது. பதினொரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணன் அதை பீரோ மேல் ஏற்றிவிட்டார். மூன்று மாதம் கழித்து அண்ணி போன் செய்தார்.

“கலா, உங்கண்ணன் மறுபடியும் வண்டி எடுக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் சொன்னா கேக்கல. நீ ஒரு வாட்டி வாயேன்.”

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாக அண்ணன் ஊரான கீழ்பென்னாத்தூர் சுமார் 150 கிலோமீட்டர், டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். பத்து மணிக்கு இறங்கினேன். எல்லா எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் அங்கே நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரம் முழுக்க வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது.

என்னிடம் ஒரு மாஸ்க் உபரியாக இருந்தது. மூக்கை மட்டும் மூடுகிற வகை, எனக்கு அருமையாகப் பொருந்துவது. மூன்று வருட அனுபவம் இருக்கிறதே, அரை மணியில் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு. அண்ணனுக்கு மாட்டி, கருவியை ஓடவிட்டேன். அவருடைய அடர்ந்த மீசைக்கு மேல் அது உட்காரவே இல்லை. வாயைத் திறந்ததும் காற்றெல்லாம் வாய்வழியே புஸ்ஸென்று வெளியே போனது.

“இதுக்குத்தான் சொன்னேன், எனக்கு ஒத்து வராதுன்னு,” என்று கழற்றி வைத்தார். “ஆஸ்பத்திரில குடுத்தது இத விட மோசம். ஒரு பக்கமா படுத்தா கண்ணுல காத்து அடிக்குது. பட்டைய இறுக்குனா மூக்கு மேல புண்ணாவுது. போதும்மா.”

அண்ணி வலது கையால் மட்டும் தட்டைப் பிடித்து எனக்குச் சாதம் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அவருடைய இடது கையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“சரி, எங்க போவணும்?”

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். பெண்களுக்கு இலவசம், அண்ணனுக்கு மட்டும் டிக்கெட். பஸ் நிலையத்திலிருந்து வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மாடியில், ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி வாடகைக்குத் தரும் கடை. சிபாப் மாஸ்க்கும் வைத்திருக்கிறார்கள் என்று, எதற்கும் இருக்கட்டுமென முதல்நாளே போனில் விசாரித்திருந்தேன். அண்ணனின் கருவியையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள்.

கடையைப் பார்த்துக்கொள்பவர் ரேவதி. முப்பது வயதிருக்கும். அண்ணன் கொண்டுவந்த பழைய மாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஐயா, ராத்திரி மூஞ்சிக்கு எண்ணெய் தடவுவீங்களா?”

“தேங்கா எண்ணெய். பனிக்காலத்துல தடவுவேன்.”

“எண்ணெய் இருந்தா ரப்பர் வழுக்கும், காத்து ஒழுகும். நீங்க பட்டைய இன்னும் இறுக்குவீங்க. இறுக்குனா ரப்பர் மடங்கிக்கும், ஒழுகல் இன்னும் ஜாஸ்தியாவும். அதான் புண்ணு.”

பிறகு ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்து மூக்கின் அகலத்தை அளந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு அளவு பெரியது. கடையின் ஓரத்தில் ஒரு கட்டில் இருந்தது. அதில் படுக்கச் சொன்னார்.

“உக்காந்துகிட்டுப் பாத்தா எல்லா மாஸ்க்கும் நல்லாத்தான் இருக்கும். படுத்துத் திரும்பிப் பாத்தாத்தான் தெரியும். எந்தப் பக்கம் படுப்பீங்க?”

“மல்லாக்கத்தான்.”

ரேவதி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அண்ணி யோசிக்கவே இல்லை.

“படுத்ததும் மல்லாக்க. அரை மணி கூட தாங்காது. அப்புறம் வலது பக்கம். ஒரு மணிக்கு மேல குப்புற. மூஞ்சிய சுவர்ப் பக்கம் திருப்பிப்பாரு. விடியக்காலம் இடது பக்கம், கைய தலைக்கு அடியில வெச்சி. குப்புறப் படுக்கறப்பதான் மூச்சு கொஞ்சம் கம்மியா நிக்கும். மல்லாக்க இருந்தா நான் உலுக்கிக்கிட்டே இருக்கணும்.”

அண்ணன் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். “தினமுமா உலுக்குற?” என்று கேட்டார்.

“பின்ன? விட்டுட முடியுமா?” என்றார் அண்ணி.

அதன்பிறகு அண்ணன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. முதல் மாஸ்க் மூக்கையும் வாயையும் முழுதாக மூடுவது. மல்லாந்தால் சரியாக இருந்தது, திரும்பியதும் தலையணை இடித்து ஒழுகியது. இரண்டாவது மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது. வாய் திறந்ததும் வீணானது. மூன்றாவது, வாயை மூடி, மூக்கின் அடியில் மட்டும் ஏந்தி நிற்பது. மூக்குத்தண்டின் மேல் எதுவும் கிடையாது. குழாய் முகத்துக்கு முன்னால் தொங்காமல் உச்சந்தலையில் சேர்கிறது. மீசை மட்டும் இடைஞ்சல். ரேவதி தயங்கித் தயங்கி, மேலே கொஞ்சம் கத்தரித்தால் போதும் என்றார். அண்ணன் அங்கேயே அவரிடம் கத்தரிக்கோலை வாங்கிக் கண்ணாடி முன் நின்றார்.

வலது பக்கம் கால்மணி நேரம், குப்புறக் கால்மணி நேரம் என்று கணக்கு. டாக்டர் வைத்துக் கொடுத்த அழுத்தத்திலேயே கருவி ஓடியது. குப்புறப் படுக்க, ஓரத்தில் மாஸ்க்குக்கு இடம் விட்டு வெட்டிய ஒரு தலையணை கொடுத்தார். குப்புறப் படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டார். எழுப்பப் போன என்னை ரேவதி கையைப் பிடித்து நிறுத்தினார். ஐம்பது நிமிடம். குறட்டை இல்லை, திணறல் இல்லை. முதுகு மட்டும் சீராக ஏறி இறங்கியது. எங்கள் வீட்டு ஆண் ஒருவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எழுந்தவர் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்பாவுக்கும் இதான் இருந்திருக்குமா?”

எங்கள் அப்பா அறுபத்தொரு வயதில் தூக்கத்திலேயே போனவர். நல்ல சாவு என்று ஊரே சொன்னது. நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம்.

“தெரியலண்ணா. இருக்கலாம்.”

மாஸ்க் 7,800 ரூபாய், தலையணை 1,400. பதினைந்து நாளுக்குள் மாற்றித் தருவார்கள், எழுதி வாங்கிக்கொண்டேன். ஆறு மணி பஸ்ஸில் திரும்பினோம். அண்ணன் ஜன்னலோரம் விழித்தே உட்கார்ந்து வந்தார்.

அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். காலையில் அண்ணன் குளித்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் மாஸ்க் கழலாமல் இருந்தது என்று கருவியின் திரை காட்டியது. அண்ணியின் கண்கள்தான் சிவந்திருந்தன.

“ஒழுகிச்சா அண்ணி? சத்தம் வந்துச்சா?”

“சத்தமே வரல கலா. அதான் பயந்துட்டேன். மூணு வாட்டி முதுக தொட்டுத் தொட்டுப் பாத்தேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிபன் முடிந்து ஒன்பது மணிக்குப் பாயில் சாய்ந்த அண்ணி அப்படியே உறங்கிப்போனார். பதினொரு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போதும் எழுந்திருக்கவில்லை. சொல்லிக்கொண்டு போகலாம் என்று அருகே போனேன். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இதே தேடலில் இருப்பவர்களுக்கு: மாஸ்க்கை இணையத்தில் படம் பார்த்து வாங்காதீர்கள், நான் அப்படி இரண்டு வாங்கி வீணாக்கியவள். உங்கள் கருவியை எடுத்துப்போய், கடையில் படுத்து, திரும்பி, குப்புறவும் பாருங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ரப்பரைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவுங்கள், எண்ணெய் முகத்தோடு போடாதீர்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள், அது டாக்டர் வேலை. கிரிவலம் வருகிறவர்கள் கருவியை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். லாட்ஜில் அறை எடுக்குமுன் கட்டிலருகே பிளக் இருக்கிறதா என்று பாருங்கள், நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று அறையும் கிடைக்காது, பஸ்ஸிலும் இடம் கிடைக்காது.

இன்னொன்று. நீங்கள் எப்படிப் படுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் விழித்துக் கிடப்பவருக்குத் தெரியும். அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். கை வலியோடு எதற்கு அலைய வேண்டும் என்று நான் அண்ணியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அந்த ஐம்பது நிமிடத் தூக்கத்தை முதலில் பார்த்திருக்க வேண்டியவர் அவர்தான்.