போலந்து அன்ரியின் ஃபர் கோட்

உள்பக்கப் பட்டுத்துணி கையில் பட்டால் சில்லென்றிருக்கும்... வெளியே தடவினால் பூனைக்குட்டி.

தொண்ணூறுகளின் தொடக்கம். அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டு பேஸ்மென்றில் இருந்தோம். மனைவி வசந்தி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். நான் வந்து இரண்டு வருடம். ஆகவே ஆங்கிலத்துக்கு வீட்டில் நான்தான் அதிகாரி!

மேலே இருந்த வீட்டுக்காரியைப் போலந்து அன்ரி என்போம். அவரும் என்னைப் போலத்தான், பாதி ஆங்கிலத்தைக் கையால் பேசுவார். ஒஷாவாவில் மகளோடு இருக்கப் புறப்பட்ட அன்று, தன் ஃபர் கோட்டைக் கொண்டுவந்து வசந்தியின் கையில் வைத்தார்.

"யூ கீப்."

பிறகு எனக்கு ஒரு பாடம். அகலமான ஹேங்கரில் கொழுவு. பிளாஸ்ரிக் பையால் மூடாதே. நனைந்தால் உதறு, ஹீற்றரில் காயவிடாதே. சென்ற் அடிக்காதே. தோளில் ஹாண்ட்பாக் மாட்டாதே, மயிர் தேய்ந்துவிடும். உட்காரும்போது பட்டனைக் கழற்று...

"என்னவாம்?" என்றாள் வசந்தி.

"தான் வந்து எடுக்குமட்டும் கவனமா வச்சிருக்கட்டாம்."

வைத்திருந்தோம். என் கலியாண வேட்டியைக் கிழித்து அதற்கு உறை தைத்தேன். ஞாயிறு தோறும் எடுத்து உதறினேன். வசந்தி இரண்டு சுவெற்றரும் ஒரு மெல்லிய ஜாக்கெற்றும் போட்டுக்கொண்டு, விடிய பஸ் ஸ்ரொப்பில் நடுங்கிக்கொண்டு நிற்பாள்.

"இஞ்சருங்கோ, ஒருநாள் போட்டுப் பாக்கட்டே?"

"மற்ற ஆக்களின்ர சாமான். உமக்கென்ன விசரே?"

கிறிஸ்மஸுக்கு அன்ரி போன் எடுத்தார். "வோர்ம்?" என்று கேட்டார். கதகதப்பாக இருக்கிறதா என்று பேஸ்மென்ற் ஹீற்றரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "யேஸ், யேஸ், வெரி வோர்ம்!" என்றேன். அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்... ஹீற்றருக்கு ஏன் இந்தச் சிரிப்பு என்று குழம்பினேன்.

அவர் வரவேயில்லை. அடுத்த வருடம் அந்த நம்பரும் வேலை செய்யவில்லை. வீடு மாறிய போதெல்லாம் கோட்டும் கூடவே வந்தது.

இப்போது ஸ்ரௌவ்வில்லில் சொந்த வீடு. காரில் சீற்றே சுடும். கராஜிலிருந்து கராஜுக்குப் போகிறோம், குளிர் எங்கே இருக்கிறது?

போன கிழமை குளோசெற்றைத் துப்புரவாக்கும்போது வசந்தி திடீரென்று கேட்டாள்: "சும்மா கொழுவி வைக்கிற கோட்டுக்கு, ஹாண்ட்பாக் மாட்டாதை எண்டு அவ ஏன் சொன்னவ?"



'கீப்' என்றால் பத்திரமாக வைத்திரு என்றும் வரும். நீயே வைத்துக்கொள் என்றும் வரும். அன்ரி எதைச் சொன்னார்? இன்றைக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம், வைக்கோல் பட்டறை நாய் மாதிரி நான் அதைக் காத்தேன் என்பதுதான். அவளைக் குளிரில் விட்டதை நினைக்க நெஞ்சு சுட்டது.

வசந்தி உறையைக் கழற்றினாள். ஒரு மயிர்கூட உதிரவில்லை. முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"எப்பிடி இருக்கு?" என்றேன், தயங்கித் தயங்கி.

கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தாள்.

"வெரி வோர்ம்."